யார் மூலம் வந்தீர்கள்?

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு தனியார் பொறியியல் கல்லூரிகளின் அட்மிஷன் அலுவலகத்தில் ஒரு லாங் சைஸ் நோட்டுக்குப் பழுப்பு அட்டை போடுவார்கள். தொண்ணூறுகளின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் நடந்தது இது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மாணவர் பெயர், ஊர், பள்ளி, தகப்பனார் தொழில், எதிர்பார்க்கும் மார்க், போன் நம்பர் என்று கட்டம் பிரிப்பார்கள். கடைசிக் கட்டத்துக்கு 'யார் மூலம்' என்று தலைப்பு. அதில் ஒரு தலைமையாசிரியரின் பெயர் இருக்கும். கல்லூரிப் பேருந்து ஓட்டுநரின் பெயர் இருக்கும். மூன்றாம் ஆண்டு படிக்கும் பையனுடைய சித்தப்பாவின் பெயர் இருக்கும். போன் நம்பருக்குப் பக்கத்தில் பாதிப் பேருக்கு 'பி.பி.' என்று குறித்திருக்கும். பக்கத்து வீட்டு போன், இல்லாவிட்டால் தெருமுனை மளிகைக் கடை போன். கூப்பிட்டால் கடைக்காரர் எடுத்து, "அவங்க காட்டு வேலைக்குப் போயிருக்காங்க, சாயங்காலம் பண்ணுங்க" என்பார். அதையும் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பார்கள்.

இன்று அந்த நோட்டு இல்லை. ஹெட்செட் மாட்டிய இருபது முப்பது பேர், பெரும்பாலும் இளம் பெண்கள், திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திரையில் ஓடுவது சி.ஆர்.எம். மென்பொருள். கார் ஷோரூமும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் வாடிக்கையாளரை விடாமல் பின்தொடர வைத்திருக்கும் அதே வகை. 'யார் மூலம்' என்ற கட்டம் அதிலும் உண்டு, 'லீட் சோர்ஸ்' என்ற பெயரில். மனிதர்களின் பெயர் இருந்த இடத்தில் இன்ஸ்டாகிராம், கூகுள், கல்விக் கண்காட்சி, ஏதோ ஒரு கல்வி இணையதளம் என்று வருகிறது. இந்த ஒரு கட்டத்துக்குள் நடந்த மாற்றம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதினேழு வயதுப் பிள்ளையின் நான்கு வருடமும், அந்த வீடு வாங்கப்போகும் கடனும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கல்லூரி மாணவரைத் தேடிப் போகவேண்டிய தேவை தமிழ்நாட்டில் 1984 வரை இருந்ததில்லை. கிண்டி, கோவையில் ஜி.சி.டி., பி.எஸ்.ஜி., மதுரையில் தியாகராசர், காரைக்குடியில் அழகப்பா என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்; பிள்ளைகள்தான் அவற்றைத் தேடிப் போனார்கள். அந்த ஆண்டு எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. 1997இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. 2010களில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. சில ஆண்டுகளில் கலந்தாய்வு முடிந்தபோது ஏறக்குறைய பாதி இடங்கள் காலியாகக் கிடந்தன. இடம் நிரம்பாத கல்லூரியில் சம்பளம் தள்ளிப்போகும், பாடப்பிரிவை மூடுவார்கள். கேன்வாசிங் என்ற சொல் தேர்தலிலிருந்து கல்லூரிக்கு வந்தது இப்படித்தான்.

ஏப்ரல், மே வெயிலில் இரண்டு விரிவுரையாளர்கள் சேர்ந்து கிளம்புவார்கள். தெர்மோடைனமிக்ஸ் நடத்துகிறவரும் கணிதம் நடத்துகிறவரும். கையில் பிராஸ்பெக்டஸ் கட்டு, கல்லூரி பெயர் போட்ட சுவர்க் கடிகாரம் ஒன்றிரண்டு. பள்ளித் தலைமையாசிரியர் மனம் வைத்தால் பிளஸ் டூ மாணவர்களின் முகவரிப் பட்டியல் கிடைக்கும். பட்டியலைக் கொடுப்பதற்கு முன் அனுபவமுள்ள தலைமையாசிரியர் ஒரு கேள்வி கேட்பார்: "போன வருஷம் உங்ககிட்ட மூணு பேர அனுப்பினேனே, எப்படிப் படிக்கிறாங்க?" வந்தவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். ஒருவன் நாலு பேப்பர் அரியர் வைத்திருக்கிறான் என்றால் அது ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்திருக்கும். ஹாஸ்டலில் ஒரு பெண் அழுதுகொண்டு திரும்பியிருந்தால் அந்தத் தெருவிலிருந்து அடுத்த வருடம் ஒருவரும் வரமாட்டார்கள். அந்த விரிவுரையாளர் மறுபடி அதே ஊருக்கு, அதே திண்ணைக்குப் போயாக வேண்டும். பொய் சொன்னால் அங்கேயே பிடிபடுவார்.

இதைச் சொல்வதால் அந்தக் காலம் நல்ல காலம் என்று ஆகிவிடாது. கடிகாரத்தோடு நிற்காத பள்ளிகள் இருந்தன. தலைக்கு இவ்வளவு என்று வாங்கிய ஏஜென்டுகள் இருந்தார்கள். ஏஜென்டுக்குப் போன பணம் கடைசியில் பெற்றவர் தலையில்தான் விடிந்தது. சேர்ந்த பிள்ளை வேறு இடத்துக்குப் போகாமல் இருக்க அசல் சான்றிதழ்களைப் பெட்டியில் பூட்டிவைத்த நிர்வாகங்கள் இருந்தன. சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது, விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018இல் அறிவிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. விடுமுறையில் வீட்டோடு இருக்கவேண்டிய ஆசிரியர்களுக்கு 'ஆளுக்கு இத்தனை அட்மிஷன்' என்று இலக்கு வைத்து, அது முடியாவிட்டால் சம்பளத்தில் கை வைத்த கொடுமை இன்றும் முற்றிலும் ஒழியவில்லை.

கலந்தாய்வு கிண்டி வளாகத்தில் நேரில் நடந்த காலத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நாகர்கோவிலிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் இரவெல்லாம் பயணம் செய்து, பையோடும் தண்ணீர் பாட்டிலோடும் அப்பாவும் பிள்ளையும் வந்து இறங்குவார்கள். கேட்டுக்கு வெளியே கல்லூரிக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கொரு நோட்டீஸ், அதில் கொட்டை எழுத்தில் கலந்தாய்வுக் குறியீட்டு எண். உள்ளே பெரிய திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருக்கும். ஊரில் யாரோ சொன்ன கல்லூரியின் பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வந்தவர், அது தன் முறை வருவதற்குள் நிரம்பிவிட்டதைத் திரையில் பார்த்து, அடுத்த சில நிமிடங்களில் முடிவெடுப்பார். பல பேருடைய படிப்பு அந்தச் சில நிமிடங்களில், கையில் கசங்கிய ஒரு நோட்டீஸைப் பார்த்துத் தீர்மானமானது.

2018இல் கலந்தாய்வு முழுக்க இணையத்துக்கு மாறியது. கேட்டுக்கு வெளியே நின்ற கூட்டம் கலைந்து, ஒவ்வொரு வீட்டு செல்போனுக்குள்ளும் வந்து நின்றது. கல்லூரிகள் சி.ஆர்.எம். பக்கம் வேகமாகத் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மென்பொருள் அதற்குள் தயாராகவே இருந்தது. அமெரிக்காவில் சேல்ஸ்ஃபோர்ஸ் 1999இல் தொடங்கியது. சென்னையில் வளர்ந்த சோஹோ 2005இல் தன் சி.ஆர்.எம்.மை வெளியிட்டது. பெங்களூருவின் லீட்ஸ்குவேர்டு, முன்பு நோபேப்பர்ஃபார்ம்ஸ் என்றிருந்த மெரிட்டோ போன்றவை கல்விச் சேர்க்கைக்கென்றே கட்டங்களை வடிவமைத்து விற்கின்றன.

அது எப்படி வேலை செய்கிறது என்று அருகில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். இரவு ஒன்பதரை மணி. அரூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு பெண் அம்மாவின் போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கல்லூரியின் விளம்பரம் வருகிறது. தொட்டதும் ஒரு சின்னப் படிவம் திறக்கிறது. பெயரும் போன் நம்பரும் ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன. 'சமர்ப்பி' என்று அழுத்துகிறாள். சில நொடிகளில் அவள் ஒரு லீட். மென்பொருள் அந்த நம்பர் முன்பே இருக்கிறதா என்று தேடுகிறது. இருந்தால் இரண்டையும் ஒன்றாக்குகிறது, முதலில் கொண்டுவந்த தளத்துக்கே கணக்கு எழுதுகிறது. தர்மபுரி மாவட்டத்தைப் பார்க்கிற டெலிகாலரின் வரிசையில் அவளைச் சேர்க்கிறது. வாட்ஸ்அப்பில் 'வணக்கம்' என்று ஒரு செய்தி, கூடவே கல்லூரிக் கையேடு. அவள் கையேட்டைத் திறந்தால் ஒரு மதிப்பெண் கூடுகிறது, கட்டணப் பக்கத்தைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம், ஹாஸ்டல் படங்களைப் பார்த்தால் மேலும் கொஞ்சம். காலையில் டெலிகாலர் திரையைத் திறக்கும்போது அந்தப் பெண் பட்டியலின் மேலே வந்திருப்பாள், 'ஹாட்' என்ற குறியோடு. கூப்பிட்டு மணி அடித்து எடுக்காவிட்டால் 'ஆர்.என்.ஆர்.' என்று குறிக்க வேண்டும். மென்பொருளே மதியம் மறுபடி நினைவுபடுத்தும். பேசிய ஒவ்வொரு அழைப்பும் பதிவாகும். அந்தப் பெண் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் காரணத்தோடு முடித்துவைக்காமல் அந்த வரி திரையை விட்டுப் போகாது.

இதில் நல்லது நிறைய இருக்கிறது. நோட்டு வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போனால் ஒரு வருட உறவும் அவரோடு போய்விடும். இப்போது அப்படிப் போவதில்லை. ஏஜென்டின் பிடி தளர்ந்திருக்கிறது. ஒரு மாணவர் மே 2ஆம் தேதியே தானாக விசாரித்திருப்பது பதிவாகியிருந்தால், மே 20ஆம் தேதி வந்து 'இந்தப் பையன் என் மூலம்' என்று யாரும் கமிஷன் கேட்க முடியாது. முன்பெல்லாம் முழுப் பக்க விளம்பரத்துக்கும் பேருந்து முதுகில் ஒட்டும் ஃபிளெக்ஸுக்கும் கொட்டிய பணத்தில் எது ஆளைக் கொண்டுவந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. இன்று எந்த விளம்பரத்தால் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது கணக்காகக் கையில் இருக்கிறது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. பழைய நோட்டில் தகப்பனார் தொழில் என்ற கட்டம் இருந்தது, அம்மாவுக்குக் கட்டமே இல்லை. பேச்சு முழுக்க ஆண்களுக்கு இடையில் நடந்தது. இன்று விசாரிப்பது பெரும்பாலும் பிள்ளையே. வீட்டில் யாருக்கும் தெரியாத சந்தேகத்தை, சபையில் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வியை, ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பெண் கேட்டுவிட முடிகிறது. ஹாஸ்டலில் வார்டன் பெண்தானா, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, ஆங்கிலம் வராவிட்டால் சிரமமா என்பதெல்லாம் பதிலோடு வருகிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவளுக்கு அந்தப் பதில்களின் மதிப்பு அதிகம்.

இத்தனை இருந்தும், அந்தத் திரை எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்பதில்தான் என் கவலை.

முதலில் வயது. பிளஸ் டூ எழுதுகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பதினெட்டு நிறைந்திருக்காது. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன; முழுதாக நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்குப் பாடமும் பாதுகாப்பும் சார்ந்து சில விலக்குகள் உண்டு. சேர்க்கை விளம்பரம் வரைக்கும் அந்த விலக்கு நீளும் என்று நான் நினைக்கவில்லை. ஹாஸ்டல் படத்தைப் பார்த்தாள் என்பதற்கு மதிப்பெண் போடுவதைக் கண்காணிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். அதோடு, கல்வி இணையதளம் ஒன்றில் நம்பரைக் கொடுத்த பிள்ளைக்கு அன்று மாலையே பல கல்லூரிகளிலிருந்து அழைப்பு வருவது இன்று எல்லா வீட்டிலும் தெரிந்த கதை. ரிசல்ட் வரும் முன்பே 'சீட் ஃபில் ஆகுது, பத்தாயிரம் கட்டி பிளாக் பண்ணிடுங்க' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இந்த 'பிளாக்' செய்வதில்தான் ஏழைப் பிள்ளைக்குப் பெரிய இழப்பு நேர்கிறது. சிறுபான்மையினர் அல்லாதோர் நடத்தும் தனியார் பொறியியல் கல்லூரிகளில் 65 விழுக்காடு இடங்கள் அரசு ஒதுக்கீட்டில் கலந்தாய்வுக்குப் போகும். 35 விழுக்காடு நிர்வாகத்தின் கையில். குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவருக்குக் கல்விக் கட்டணச் சலுகையை 2010-11இல் அரசு தொடங்கியது. அது கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவருக்குத்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதற்கும் கலந்தாய்வுதான் வாசல். மே மாதத்தில் அவசரப்பட்டு நிர்வாக இடத்துக்குப் பணம் கட்டி அங்கேயே சேர்ந்துவிட்டால் இரண்டும் போய்விடும். இந்த விவரம் தெரியாத தாய், தகப்பன் இன்னும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். டெலிகாலருக்குத் தெரியும். அவருடைய பேச்சுக் குறிப்பில் அதைச் சொல் என்ற வரி பெரும்பாலும் இருப்பதில்லை.

ஒரு கல்லூரியின் அழைப்பு அறையில் நான் உட்கார்ந்திருந்தபோது, ஒரு டெலிகாலர் பெண் அந்த வரியைத் தானாகச் சொன்னார். மறுமுனையில் ஒரு அம்மா. மகளுக்கு ஈ.சி.இ. வேண்டும், பணத்தை எப்போது கட்டணும் என்று கேட்டார்.

"அம்மா, ஒண்ணு கேக்குறேன். பொண்ணு ஆறாவதுல இருந்து எங்க படிச்சாங்க?"

"இங்கதான் கண்ணு, எங்க ஊரு கவர்மென்ட் பள்ளிக்கூடம். பன்னெண்டு வரைக்கும் அதேதான்."

"அப்ப இப்ப எங்களுக்கு ஒரு ரூபாகூடக் கட்டாதீங்கம்மா. முதல்ல கவுன்சலிங்குக்குப் பதிவு பண்ணுங்க. அரசுப் பள்ளிக் கோட்டான்னு தனியா இருக்கு, ஃபீஸ் கவர்மென்டே கட்டும். பக்கத்துல கவுன்சலிங் சேவை மையம் இருக்கும், அங்க போனா ஃப்ரீயா பண்ணிக் குடுப்பாங்க. பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எதையும் எந்தக் காலேஜுக்காரங்ககிட்டயும் குடுத்துடாதீங்க. எங்களுக்கும் குடுக்காதீங்க."

"உங்க காலேஜே அதுல வருமா?"

"வரும்மா. புடிச்சிருந்தா எங்க கோட போடுங்க. இல்லாட்டியும் நல்ல காலேஜா பாத்துப் போடுங்க."

போனை வைத்ததும் திரை காரணம் கேட்டது. பட்டியலில் இருந்தவை: கட்டணம் அதிகம், தூரம், பாடப்பிரிவு இல்லை, வேறு கல்லூரி, ஆர்வம் இல்லை. அவர் சொன்னதற்குப் பொருந்தும் காரணம் ஒன்றுமில்லை. கொஞ்சம் யோசித்து 'வேறு கல்லூரி' என்று தேர்ந்தெடுத்தார். அந்த மாத அறிக்கையில் அது இழந்த லீட். அவருடைய கன்வர்ஷன் விகிதம் இறங்கும், ஊக்கத்தொகையும் குறையும். அந்த அறையில் அன்று நடந்த மிக நல்ல உரையாடல் அதுதான் என்பது எந்த அறிக்கையிலும் வராது.

பின்தொடரும் பட்டியலை வேறு நோக்கத்துக்கும் பயன்படுத்த முடியும் என்பதை இதே தமிழ்நாட்டில் பார்க்கிறோம். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராமல் நிற்கிற அரசுப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடத்துகிறார்கள். பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் பதிவை வைத்துக்கொண்டு ஆசிரியர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்கிறார்கள். அதிலும் பெயர், நம்பர், நிலை, அடுத்த அழைப்பு என்ற அதே கட்டங்கள்தான். கேள்வி மட்டும் 'எங்கேயாவது சேர்ந்தாயா, என்ன தடை' என்பது. சான்றிதழ் இல்லை என்றால் அதே முகாமில் வருமானச் சான்றும் சாதிச் சான்றும் வாங்கக் கைகொடுக்கிறார்கள். எல்லா மாவட்டத்திலும் ஒரே தரத்தில் நடக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் பட்டியலின் முனையில் பிள்ளையை வைத்தால் அது எப்படி வேலை செய்யும் என்பதற்கு இது கண்முன் இருக்கும் சாட்சி.

தனியார் கல்லூரி இடத்தை நிரப்பாமல் இருக்க முடியாது, அது நியாயம்தான். டெலிகாலர்களை நான் குறை சொல்லவில்லை. மாதச் சம்பளத்துக்கு ஒரு நாளில் நூறு பேரிடம் பேசுகிற, பாதிப் பேரிடம் ஏச்சு வாங்குகிற பிள்ளைகள் அவர்கள். எதை வெற்றி என்று எண்ணுவது என்பதைத் தீர்மானிப்பவர்கள் நிர்வாகத்தில் இருக்கிறார்கள். சி.ஆர்.எம்.மில் கடைசி நிலை 'என்ரோல்டு'. முதல் வருடக் கட்டணம் கட்டியதும் அந்த வரி பச்சையாகி மூடிக்கொள்கிறது. அதன்பிறகு அந்தப் பிள்ளை கல்லூரியின் இன்னொரு மென்பொருளுக்குள், வருகைப் பதிவும் தேர்வு முடிவும் இருக்கிற இ.ஆர்.பி.க்குள், வேறொரு எண்ணோடு போய்விடுகிறது. இரண்டும் பெரும்பாலும் பேசிக்கொள்வதில்லை. எந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள் இரண்டாம் செமஸ்டரில் நின்றுபோனார்கள், யாருக்குச் சொன்ன வேலைவாய்ப்புக் கணக்கு பொய்த்தது, 'பிளாக்' செய்து வந்தவர்களில் எத்தனை பேர் கட்டணம் கட்ட முடியாமல் விலகினார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. பட்டியலைக் கொடுக்கும் முன் அந்தத் தலைமையாசிரியர் கேட்ட கேள்வியைக் கேட்க இன்று யாரும் இல்லாமல் போனது இப்படித்தான்.

மென்பொருளுக்கு இது முடியாத காரியம் இல்லை. காரணப் பட்டியலில் 'கலந்தாய்வுக்கு அனுப்பினோம், சலுகைக்கு உரியவர்' என்று ஒரு வரி சேர்க்க ஐந்து நிமிடம் ஆகும்; அதை இழப்பில் எண்ணாமல் ஊக்கத்தொகையில் எண்ணலாம். 'அரசுப் பள்ளியா, முதல் பட்டதாரியா' என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் நிரப்பாமல் பணம் பற்றிய பக்கம் திறக்காதபடி செய்யலாம். பதினெட்டு நிறையாதவரின் நம்பர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வரும்வரை தானியங்கிச் செய்திகளை நிறுத்திவைக்கலாம். லீட் எண்ணையும் பல்கலைக்கழகப் பதிவு எண்ணையும் ஒரே வரியில் இணைத்துவிட்டால், ஒவ்வொரு ஆகஸ்டிலும் நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு அறிக்கைகளை ஒன்றாக வைக்க முடியும்: இந்த ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், நான்கு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே போனார்கள். இந்த இரண்டாவது அறிக்கையைக் கல்லூரியின் இணையதளத்தில் போடச் சொல்லி, சேர்க்கைக்கு வருகிற பெற்றோர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்.